வளர்த்த கைக்கே உரிமை!

ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் யார்?

விந்து வங்கியில் 60 டாலர் வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் போனவனா? அல்லது பதினெட்டு வருஷம் காய்ச்சலுக்குக் கண் விழித்து, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டி அனுப்பி, "மோட்டார் சைக்கிளில் ஏறாதே" என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றியவர்களா?

இந்தக் கேள்வியைச் சிரிக்கச் சிரிக்கக் கேட்கிறது ஓர் அமெரிக்கப் படம். 2010-ம் ஆண்டில் வெளிவந்தது. பெயர் 'தி கிட்ஸ் ஆர் ஆல் ரைட்'. 'பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்' என்று பொருள். டைரக்டர் லிசா சோலொடென்கோ என்ற பெண்மணி. ஸ்டூவர்ட் ப்ளூம்பெர்க் என்பவருடன் சேர்ந்து கதையையும் வசனத்தையும் எழுதியவரும் அவரே. சுமார் 40 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம். ஹாலிவுட் முதலாளிகளின் கணக்கில் இது சில்லறைக் காசு. ஆனாலும் சிறந்த படம், சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகர், சிறந்த திரைக்கதை என்று நான்கு ஆஸ்கார் பரிசுகளுக்கு அது போட்டியில் நின்றது. ஆஸ்கார் கிடைக்கவில்லை. கோல்டன் குளோப் பரிசுகள் இரண்டு கிடைத்தன.

படம் வந்து வருஷங்கள் பல ஆயின. இன்று அதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். படம் பழையதாகலாம், கேள்வி பழையதாகவில்லை. 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு மாவட்டக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. வழக்கில் இருந்தவர்கள் சட்டப்படி விவாகம் செய்துகொண்ட இரண்டு பெண்கள். ஒருத்தி பிள்ளை பெற்றாள். பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் ஏறியது. பிறகு பிரிந்தார்கள். பெறாத பெண்ணுக்குத் தாய் என்ற உரிமை இல்லை, விந்து கொடுத்தவனே தகப்பன் என்றது அந்தக் கோர்ட்டு. பிள்ளையைத் தனியாகத் தத்து எழுதி வாங்கவில்லை என்பது அவள் செய்த குற்றமாம்!

சொந்தப் பிள்ளையைத் தத்து எடுக்க வேண்டும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? ஆகவேதான் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

கதை இதுதான்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். நிக், ஜூல்ஸ் என்ற இரண்டு பெண்கள் வெகுகாலமாகத் தம்பதிகளாக வாழ்கிறார்கள். நிக் டாக்டர். வீட்டில் சம்பாதிப்பவள், கணக்குப் பார்ப்பவள், கண்டிப்பானவள். கொஞ்சம் அதிகமாகவே ஒயின் குடிப்பவள். ஜூல்ஸ் பல தொழிலைத் தொட்டு ஒன்றிலும் நிலைக்காதவள். இப்போது தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு பிள்ளை பெற்றிருக்கிறார்கள். மூத்தவள் ஜோனியைப் பெற்றவள் நிக். இளையவன் லேசரைப் பெற்றவள் ஜூல்ஸ். இரண்டு பிள்ளைகளுக்கும் விந்து கொடுத்தவன் ஒருவனே. அவன் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஜோனிக்குப் பதினெட்டு வயதாகிறது. காலேஜுக்குப் புறப்பட வேண்டிய கோடைக்காலம். தம்பிக்குப் பதினைந்து. அவன் தன் சிநேகிதனும் அவனுடைய தகப்பனும் கட்டிப் புரண்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பார்வையில்தான் கதை பிறக்கிறது. வங்கியில் விவரம் கேட்க பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே அக்காவைக் கெஞ்சுகிறான். அக்கா தாய்மார்களுக்குத் தெரியாமல் போன் செய்கிறாள்.

வந்து சேருகிறான் பவுல். ஓட்டல் வைத்திருப்பவன். தோல் சட்டை, மோட்டார் சைக்கிள், தன் நிலத்தில் விளைந்த காய்கறி, எதற்கும் கவலைப்படாத சிரிப்பு. எதற்காக விந்து கொடுத்தாய் என்று பையன் கேட்கிறான். பிள்ளை இல்லாதவர்களுக்கு உதவத்தான் என்று சொல்லிப் பார்க்கிறான் பவுல். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கிறான் பையன். ஒரு தடவைக்கு 60 டாலர். அவ்வளவுதானா என்கிறான் பையன். அந்த நாளில் அது எனக்குப் பெரிய தொகை என்கிறான் பவுல். தியேட்டரே சிரிக்கும் இடம். தன் விலையைத் தானே கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பிள்ளையின் முகம், சிரித்து முடித்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

பிறகு என்ன? பவுல் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வருகிறான். ஜோனியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருகிறான், நிக் கொதிக்கிறாள். தன் வீட்டுத் தோட்ட வேலையை ஜூல்ஸுக்குக் கொடுக்கிறான். வேலைக்குப் போன ஜூல்ஸ் அவனோடு தவறி விடுகிறாள். ஒரு நாள் எல்லோரும் அவன் வீட்டில் விருந்து சாப்பிடுகிறார்கள். அன்றுதான் நிக் முதல் தடவையாக அவனோடு மனம்விட்டுச் சிரித்துப் பேசுகிறாள், பாட்டுக்கூடப் பாடுகிறாள். கை கழுவ உள்ளே போனவள் ஜூல்ஸின் தலைமுடியைப் பார்க்கிறாள். திரும்பி வந்து மேஜையில் உட்காருகிறாள். மற்றவர்கள் பேசுவது அவள் காதில் விழவில்லை. அந்த இரண்டு நிமிஷத்துக்கு நடிகை அனெட் பெனிங்குக்கு எத்தனை பரிசு கொடுத்தாலும் தகும்.

வீடு இரண்டாகிறது. ஜூல்ஸ் சோபாவில் படுக்கிறாள். பவுலுக்கோ ஆசை வந்துவிட்டது. நீ வந்துவிடு, பிள்ளைகளையும் அழைத்து வா, நாம் குடும்பமாக இருப்போம் என்கிறான். ஜூல்ஸ் மறுக்கிறாள். ஜோனி புறப்படுவதற்கு முந்திய இரவு அவன் வாசலில் வந்து நிற்கிறான். நிக் அவனை உள்ளே விடவில்லை. உனக்குக் குடும்பம் வேண்டுமானால் நீயே ஒன்றை உண்டாக்கிக்கொள் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். ஜூல்ஸ் எல்லோர் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். மறுநாள் நால்வரும் சேர்ந்து மகளைக் காலேஜில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

கதை இவ்வளவே. இதில் பெண்ணும் பெண்ணும் என்பதை எடுத்துவிட்டால் எந்தத் தெருவிலும், எந்த லைன் வீட்டிலும் நடக்கிற கதை அல்லவா இது?

சிரிப்பு எங்கே பிறக்கிறது?

இதில்தான் படத்தின் நியாயம் இருக்கிறது. ஒரே பாலைச் சேர்ந்த தம்பதிகளைச் சினிமா வெகுகாலம் இரண்டு விதமாகத்தான் காட்டிற்று. ஒன்று, கேலிக்கு உரிய கோமாளி. இல்லாவிட்டால், கடைசி ரீலில் செத்துப்போக வேண்டிய பாவப்பட்ட ஜன்மம். இந்தப் படத்தில் அவர்கள் கோமாளிகளும் இல்லை, தியாகிகளும் இல்லை. தாய்மார்கள். அதுவும் தொல்லை கொடுக்கிற தாய்மார்கள்.

மகன் எதையோ மறைக்கிறான் என்று இருவரும் சந்தேகப்படுகிறார்கள். சிநேகிதப் பையனோடு ஏதோ காதல் போலும் என்று நினைத்து, வெகு நாசூக்காக, வெகு அன்பாக, அவனை உட்கார வைத்து விசாரணை நடத்துகிறார்கள். அவனோ பவுலைச் சந்தித்த ரகசியம் வெளிப்பட்டுவிட்டது என்று பயந்து, 'ஒரே தடவைதான் பார்த்தேன்' என்று உளறுகிறான். கேள்வி ஒரு பக்கம் போகிறது, பதில் ஒரு பக்கம் போகிறது. இந்தச் சிரிப்பு அவர்கள் இரண்டு பெண்கள் என்பதால் வரவில்லை. வளர்ந்த பிள்ளையின் மனத்துக்குள் நுழையத் தவிக்கிற எல்லாத் தாய் தகப்பனின் அசட்டுத்தனமும் அதில் இருப்பதால் வருகிறது.

படம் வந்தபோது சிலர் குறை சொன்னார்கள். பெண்ணோடு வாழும் பெண் ஓர் ஆணோடு தவறுவதாக ஏன் காட்ட வேண்டும், இது எதிரிகளுக்கு அவல் கொடுப்பது ஆகாதா என்று கேட்டார்கள். அவர்களுடைய கவலை புரிகிறது. வெகுகாலம் அவமானப்பட்டவர்கள் தங்கள் வீடு குற்றம் குறை இல்லாமல் காட்டப்பட வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் குறையற்ற குடும்பத்துக்குத்தான் உரிமை உண்டு என்றால் உலகத்தில் யாருக்கு உரிமை மிஞ்சும்? ஆணும் பெண்ணும் சேர்ந்த வீட்டில் சண்டை வந்தால் அது குடும்பச் சண்டை. இரண்டு பெண்கள் வீட்டில் சண்டை வந்தால் மட்டும் அது குடும்பமே இல்லை என்பதற்கு அத்தாட்சியா? இந்த இரட்டைத் தராசைத்தான் படம் கீழே போட்டு உடைக்கிறது.

வாசலில் நின்றவன்

பவுல் கெட்டவன் அல்ல. படம் அவனை வில்லன் ஆக்கவில்லை. பிள்ளைகளிடம் அவனுக்கு உண்மையாகவே பாசம் பிறக்கிறது. பையன் அவனைத் தேடியதும் தவறில்லை. என் மூக்கு யாருடையது, என் சிரிப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரு பிள்ளைக்கு ஆசை இருக்காதா? அந்த ஆசை நியாயமானது. அதை மூடி மறைக்கத் தாய்மார்களுக்கும் உரிமை இல்லை.

ஆனால் தெரிந்துகொள்வது வேறு, சொந்தம் கொண்டாடுவது வேறு. பவுல் வந்தபோது பிள்ளைகள் வளர்ந்து நின்றார்கள். பல் முளைத்த இரவுகளில் அவன் இல்லை. பரீட்சை நாட்களில் அவன் இல்லை. பழுத்த மரத்தடியில் வந்து நின்றுகொண்டு பழம் இனிக்கிறது என்கிறான். தண்ணீர் ஊற்றியவள் கோபப்படாமல் என்ன செய்வாள்?

பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை என்பது நம் ஜனங்கள் அறிந்த கதை. ஆயர்பாடியில் வெண்ணெய் திருடியதற்கு உரலில் கட்டிப்போட்டவள் யசோதைதான். அடிக்கவும் அணைக்கவும் அவளுக்கு உரிமை எங்கிருந்து வந்தது? வளர்த்ததிலிருந்து வந்தது.

சாக்பீஸ் வட்டம்

இந்த நியாயத்தை இதே லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவரும் எழுதியிருக்கிறார். ஹிட்லருக்குத் தப்பி நாடு நாடாக அலைந்த ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட். அந்த நகரத்தை ஒட்டிய சான்டா மோனிகாவில் குடியிருந்தபோது 1944-ல் அவர் எழுதியதுதான் 'காகேசிய சாக்பீஸ் வட்டம்' என்ற நாடகம்.

கலகம் மூண்டு ஊர் எரிகிறது. கவர்னரின் மனைவி எந்தப் பட்டாடையை எடுத்துப்போவது என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கைக்குழந்தையை விட்டு ஓடிவிடுகிறாள். வீட்டு வேலைக்காரி குருஷா அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு மலை, பாலம், பனி எல்லாம் கடந்து தன் வாழ்வையே கெடுத்துக்கொண்டு வளர்க்கிறாள். கலகம் அடங்கியதும் பெற்றவள் வருகிறாள். பிள்ளை இருந்தால்தான் சொத்து கிடைக்கும்! வழக்கு அஸ்டாக் என்ற விசித்திரமான நீதிபதியிடம் போகிறது. அவன் தரையில் வட்டம் போட்டுக் குழந்தையை நடுவில் நிறுத்துகிறான். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுக்கச் சொல்கிறான். பெற்றவள் இழுக்கிறாள். வளர்த்தவள் கையை விட்டுவிடுகிறாள், பிள்ளைக்கு வலிக்குமே! பிள்ளை அவளுக்கே என்று தீர்ப்பாகிறது.

நாடகத்தின் தொடக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கைப் பற்றியும் வழக்கு உண்டு. முன்பு அங்கே ஆடு மேய்த்தவர்களுக்கா, இப்போது அதற்குத் தண்ணீர் கொண்டுவரத் திட்டம் போட்டவர்களுக்கா? தண்ணீர் கொண்டுவருபவர்களுக்கே என்று முடிவாகிறது. நிலத்தில் பாடுபட்டவனுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. பட்டா யார் பேரில் இருந்தாலும் பயிரைக் காப்பாற்றிய கை எது என்று அவனுக்குத் தெரியும்.

கோர்ட்டு சொன்னது என்ன?

நாடகத்தில் அஸ்டாக் கிடைத்தான். நிஜ வாழ்க்கையில்?

1991-ல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த கோர்ட்டுக்கு ஒரு பெண் வந்தாள். கூட வாழ்ந்தவள் பெற்ற பையனை, இருவரும் சேர்ந்து திட்டமிட்டுப் பெற்று வளர்த்த பையனைப் பார்க்க அனுமதி கேட்டாள். சட்டத்தின் கண்ணில் நீ பெற்றோர் அல்ல என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை அதே கோர்ட்டு மாற்றியது 2016-ல். இருபத்தைந்து வருஷம்! பையன் பெரியவனாகித் தலை நரைக்கத் தொடங்கும் காலம்.

1995-ல் ஃப்ளோரிடா மாநிலத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஒரு தாய் இன்னொரு பெண்ணோடு வாழ்கிறாள் என்பதற்காகப் பதினொரு வயது மகளை அவளிடமிருந்து பிரித்துத் தகப்பனிடம் கொடுத்தார் நீதிபதி. அந்தத் தகப்பன் யார்? தன் முதல் மனைவியைக் கொலை செய்து சிறை சென்று வந்தவன்! அடுத்த வருஷம் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. கொலைகாரன் கை சுத்தமாம், பெற்று வளர்த்தவள் கை அசுத்தமாம். இதற்குப் பெயர் நீதியா?

ஆனால் நியாயம் எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கவில்லை. 2005 ஆகஸ்டில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்தது. அதைப் படித்தால் இந்தப் படத்தின் கதையை முன்கூட்டியே யாரோ கோர்ட்டில் எழுதி வைத்ததுபோல் இருக்கும். இரண்டு பெண்கள். இருவரும் ஒருவனுடைய விந்துவைக் கொண்டே கருத்தரித்தார்கள். பிள்ளைகள் ரத்த உறவாக இருக்கட்டும் என்று. ஒருத்திக்கு ஒரு பிள்ளை. மற்றவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். அதில் ஒன்று டவுன் நோய்க்கூறோடு பிறந்தது. இரட்டையரைப் பெற்றவள் வீட்டில் இருந்து மூன்றையும் வளர்த்தாள். மற்றவள் சம்பாதித்தாள். பிறகு பிரிந்தார்கள். சம்பாதித்தவள் கொஞ்ச காலம் பணம் கொடுத்தாள், பிறகு நிறுத்தினாள். வீட்டில் இருந்தவள் சர்க்கார் உதவிப் பணத்துக்குக் கை நீட்ட வேண்டியதாயிற்று. மாவட்ட நிர்வாகம் வழக்குப் போட்டது.

'அவை நான் பெற்ற பிள்ளைகள் அல்லவே' என்றாள் சம்பாதித்தவள். கோர்ட்டு ஒப்பவில்லை. ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டு, ஊரறியத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொண்டவனைத் தகப்பன் என்கிறது சட்டம். அதே நியாயம் பெண்ணுக்கும் பொருந்தும். நீயும் தாய்தான், பிள்ளைகளுக்குப் பணம் கொடு என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் தீர்ப்பின் பெருமை எதில் இருக்கிறது? உரிமை என்று கேட்டு வந்தவர்களுக்குக் கடமையும் உண்டு என்று அது சொல்லிற்று. வளர்த்தவருக்குப் பிள்ளை மேல் உரிமை என்றால், பிள்ளைக்கும் வளர்த்தவர் மேல் உரிமை உண்டு. உரிமை கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்று கூச்சல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உரிமை மறுக்கப்பட்ட இடத்தில்தான் பொறுப்பைத் தட்டிக் கழிக்க வழி பிறக்கிறது. அப்போது பட்டினி கிடப்பது பிள்ளை.

2008 நவம்பரில் அதே கலிபோர்னியாவில் பொது வாக்கெடுப்பு நடத்தி, ஒரே பாலைச் சேர்ந்தவர்களின் விவாகத்தைத் தடை செய்தார்கள். தடைக்கு விழுந்த ஓட்டு சுமார் 52 சதவீதம். தடை அமலில் இருந்த அடுத்த வருஷக் கோடையில்தான் இந்தப் படத்தைப் பிடித்தார்கள். திரையில் அந்த இரண்டு பெண்களும் விவாகம் எவ்வளவு கஷ்டம் என்று பேசுகிறார்கள். வெளியே அந்த விவாகத்தைப் புதிதாகச் செய்துகொள்ளவே சட்டம் இடம் தரவில்லை! 2013-ல் தடை விழுந்தது. 2015 ஜூன் 26 அன்று அமெரிக்கா முழுவதற்கும் விவாக உரிமை வந்தது. அதற்குப் பிறகும் ஓக்லஹோமா தீர்ப்பு வந்தது என்றால், காகிதத்தில் எழுதிய உரிமை வீட்டு வாசல் வரை வந்து சேர எவ்வளவு காலம் ஆகிறது என்று பாருங்கள்.

சட்டத்துக்கு முன் வந்தது சங்கம்

மில் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் வைத்திய வசதி பெரும்பாலும் வேலையோடு ஒட்டியது. தொழிலாளிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் அவனுடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரி உண்டு. மனைவி என்று முதலாளி ஒப்புக்கொள்ளாவிட்டால்? பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் கடன்தான்.

1982-ல் நியூயார்க்கில் 'வில்லேஜ் வாய்ஸ்' என்ற பத்திரிகையின் ஊழியர்கள் இதை ஒப்பந்தப் பேச்சு வார்த்தையில் வைத்தார்கள். அவர்களுடைய சங்கம் 'டிஸ்டிரிக்ட் 65'. விவாகம் ஆகாத துணைவர்களுக்கும் சலுகை வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். நாட்டிலேயே இப்படிப்பட்ட முதல் ஒப்பந்தங்களில் ஒன்று அது. 2000 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டைம்லர் கிறைஸ்லர் ஆகிய மூன்று ராட்சசக் கம்பெனிகளும் மோட்டார் தொழிலாளர் சங்கமும் கூட்டாக அறிவித்தன: ஒரே பாலைச் சேர்ந்த துணைவர்களுக்கும் வைத்திய வசதி உண்டு. சுமார் 4,66,000 ஊழியர்களுக்கு இது பொருந்திற்று. நாடு முழுவதும் விவாக உரிமை வந்தது அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து!

தொழிலாளி ஒழுக்கப் பிரசங்கம் செய்யவில்லை. பக்கத்து மெஷினில் நிற்பவனுடைய வீட்டில் ஒருவர் நோயாய்க் கிடந்தால் மருந்து வேண்டும், அவ்வளவே. ஒருவன் வீட்டைச் சிறியது என்று முதலாளி சொல்ல இடம் கொடுத்தால், நாளை எல்லார் வீட்டையும் சிறியது என்பான். இது சங்கத்தில் பழகியவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?

கடைசியில் ஒரு வாதம் வரும். 'பெரியவர்கள் எப்படியோ போகட்டும். பிள்ளைகள் கெட்டுவிடுமே' என்பார்கள். இதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1986-ல் தொடங்கி, இப்படிப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளை வயிற்றில் இருந்த காலம் முதலே டாக்டர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பதினேழு வயதில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்ற அறிக்கை, படம் வந்த அதே 2010-ல் குழந்தை வைத்தியர்களின் பத்திரிகையில் வந்தது. தாய்மார் தந்த விவரங்களின்படி, படிப்பிலும் பழக்கவழக்கத்திலும் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை, மேலாகவே இருந்தார்கள். 2013-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், பிள்ளைகளின் நன்மைக்காகவே இத்தகைய பெற்றோருக்கு விவாக உரிமை வேண்டும் என்று அறிவித்தது.

பிள்ளையைக் கெடுப்பது எது என்று ஏழை ஜனங்களைக் கேட்டால் சொல்வார்கள். பசி கெடுக்கும். குடி கெடுக்கும். பள்ளிக்கூடம் இல்லாமை கெடுக்கும். இரண்டு பேர் சேர்ந்து பாசத்தோடு வளர்ப்பது கெடுக்காது.

லூயிஸ் எங்கே?

இவ்வளவும் சொன்ன பிறகு படத்தின் மேல் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

ஜூல்ஸ் தோட்ட வேலைக்கு லூயிஸ் என்ற தொழிலாளியை வைத்திருக்கிறாள். மெக்சிகோ வழி வந்தவன். மண்வெட்டி பிடிப்பவன் அவன்தான். பவுல் வீட்டில் நடக்கும் விஷயம் இவனுக்குத் தெரிந்திருக்குமோ என்று அவளுக்குப் பயம் வருகிறது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாக அவளுக்குத் தோன்றுகிறது. அதற்காக அவனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறாள்.

குற்றம் செய்தவள் எஜமானி. வேலை போனது தொழிலாளிக்கு!

இது சினிமாவில் மட்டும் நடப்பதல்ல. ஒப்பந்தமும் சங்கமும் இல்லாத தொழிலாளியைக் காரணம் காட்டாமலே நீக்க அந்த மாநிலச் சட்டம் பொதுவாக இடம் கொடுக்கிறது. படம் இந்தக் காட்சியையும் சிரிப்பாகத்தான் காட்டுகிறது. ஜூல்ஸ் எவ்வளவு தடுமாறிப் போயிருக்கிறாள் என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக என்று சமாதானம் சொல்லலாம். சரி. ஆனால் கடைசியில் அவள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறாள், பிள்ளைகளிடம் கேட்கிறாள். குடும்பம் மறுபடி சேர்கிறது. லூயிஸை மட்டும் படம் திரும்பக் கூப்பிடவில்லை.

சமூகம் தனக்குச் செய்த அநியாயத்தை அறிந்தவள், தன்னிடம் வேலை செய்பவனுக்கு அதே அநியாயத்தைச் செய்கிறாள். அவமானப்பட்டவர்கள் எல்லோரும் தாமாகவே நியாயவான்கள் ஆகிவிடுவதில்லை. இந்தப் பாடத்தைப் படம் தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்பது வேறு விஷயம். பார்த்த நாம் மறக்கக் கூடாது.

இன்னொன்று. இந்தக் குடும்பம் டாக்டர் சம்பளத்தில் வாழும் வசதியான குடும்பம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பங்கள் எல்லாம் பெரிய வீடுகளில்தான் இருக்கின்றன என்று நினைத்தால் தவறு. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள வில்லியம்ஸ் ஆராய்ச்சி நிலையம் 2013-ல் ஓர் அறிக்கை தந்தது. ஒரே பாலைச் சேர்ந்த தம்பதிகளில் பிள்ளை வளர்ப்பவர்களின் விகிதத்தில் முதலிடத்தில் நின்ற மாநிலம் கலிபோர்னியா அல்ல; நியூயார்க் அல்ல. வறுமைக்குப் பெயர்போன மிசிசிப்பி! நூற்றுக்கு 26 ஜோடிகள் அங்கே பிள்ளை வளர்த்தார்கள். அதே மிசிசிப்பியில்தான் இவர்கள் பிள்ளையைத் தத்து எடுக்கக் கூடாது என்ற தடைச் சட்டம் கடைசி வரை நின்று, 2016-ல் கோர்ட்டால் தடுக்கப்பட்டது. டாக்டர் நிக் வக்கீல் வைத்துப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். மிசிசிப்பியில் கோழி வெட்டும் ஆலையில் நிற்கிற தாய் எதை வைத்து எழுதுவாள்? சட்டத்தின் ஓட்டை எப்போதும் ஏழை வீட்டுக் கூரையில்தான் முதலில் ஒழுகும்.

நாம் சொல்வது

படத்தின் கடைசிக் காட்சி. மகளை விட்டுவிட்டு மூவரும் காரில் திரும்புகிறார்கள். யாரும் பேசவில்லை. பின்னால் இருந்து பையன் சொல்கிறான்: நீங்கள் இரண்டு பேரும் பிரியக் கூடாது. ஏன் என்று கேட்கிறார்கள். உங்களுக்கு வயதாகிவிட்டது என்கிறான். இரண்டு பெண்களும் சிரித்துவிடுகிறார்கள். ஒரு கை இன்னொரு கையைத் தேடிப் பிடிக்கிறது.

தீர்ப்பைச் சொன்னது யார்? தகப்பனைத் தேடிப் புறப்பட்ட அதே பையன். அவன் பவுலைப் பார்த்தான், பழகினான், ஆசை தீர அறிந்தான். பிறகு தன் வீட்டுக்குத் திரும்பினான். சாக்பீஸ் வட்டத்தில் நின்ற குழந்தைக்குப் பேசத் தெரியவில்லை. இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பிள்ளைக்கு உறவு எது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், ராத்திரியில் அது அழுதபோது எழுந்தது யார் என்று கேளுங்கள். எழுந்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா என்பது அப்புறம். எழுந்தவருக்கு உரிமை கொடுங்கள். அந்த உரிமையைக் காட்டி அவரிடமிருந்து கடமையையும் கேளுங்கள். நியாயமான சட்டம் எந்த நாட்டிலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்கிறது படம். நமக்கும் சந்தோஷம். ஆனால் படம் கேட்க மறந்த ஒரு கேள்வியை நாம் கேட்டு வைக்கிறோம்.

வேலை போய் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தானே லூயிஸ், அவன் வீட்டுப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?